ரிவர்பில் எந்தக் கெப்பாசிட்டரை மாற்றுவது: ஸ்பிரிங்குக்கு முன்னாலா, பின்னாலா?

டர்பனில் வால்வு ஆம்ப் வைத்து கிட்டார் வாசிக்கும் நம் ஆட்கள் அதிகமில்லை, ஆனால் இருக்கிறவர்களில் பலருக்கு ரிவர்போடு, அதாவது ஆம்புக்குள் ஸ்பிரிங் ஆடி எழுப்பும் எதிரொலியோடு, ஏதாவது ஒரு தகராறு ஓடிக்கொண்டே இருக்கிறது. சாட்ஸ்வர்த்தில் கல்யாண மண்டபங்களில் வாசிக்கிறவருக்கு ரிவர்ப் குமிழை 3-க்கு மேல் திருப்பினாலே கீழ்க்கம்பிகள் கூழாகிவிடுகின்றன. சர்ச் பேண்டில் வாசிக்கும் பையனுக்கு ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஒரு தகரச் சத்தம். வீட்டில் தனியாக வாசிக்கிறவருக்கோ, கிட்டாரைக் கீழே வைத்த பிறகும் ஓயாத உறுமல். மூன்று பேருக்கும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ஒரு கெப்பாசிட்டரை மாத்து, சரியாயிடும்." எந்தக் கெப்பாசிட்டர் என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். காட்டப்படும் இடங்கள் நான்கு, நான்கும் செய்யும் வேலை வேறு வேறு. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம்.

நான் பேசுவது ஃபெண்டர் 1963-ல் கொண்டுவந்த ஏபி763 வகைச் சுற்றைப் பற்றி: ட்வின் ரிவர்ப், டீலக்ஸ் ரிவர்ப், சூப்பர் ரிவர்ப் எல்லாம் இந்தக் குடும்பம். அதற்குப் பின் வந்த எத்தனையோ கம்பெனிகளின் ஆம்ப்கள் இதையே கொஞ்சம் மாற்றிப் போட்டவை, அதனால் உங்களுடையது வேறு பெயர் தாங்கி நின்றாலும் முக்கால்வாசி பொருந்தும். சிக்னல் போகும் வழி இப்படி: ஒரு 500 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக 12ஏடி7 வால்வுக்குள் நுழைகிறது, அதன் இரண்டு பாதிகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகின்றன, டிரான்ஸ்ஃபார்மர் டேங்கின் (ஸ்பிரிங்குகள் இருக்கும் பெட்டியின்) 8 ஓம் உள்காயிலை ஓட்டுகிறது, ஸ்பிரிங் ஆடுகிறது, மறுமுனையில் இருக்கும் 2250 ஓம் வெளிக்காயில் அந்த ஆட்டத்தை மறுபடி சிக்னலாக்குகிறது. அது மிகச் சின்ன சிக்னல். 12ஏஎக்ஸ்7 வால்வின் ஒரு பாதி அதைத் தூக்கி, 3 நானோஃபாரட் (1 நானோ என்பது 1000 பிக்கோ) கெப்பாசிட்டர் வழியாக ரிவர்ப் குமிழுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து நேர்ச் சிக்னலோடு, அதாவது ஸ்பிரிங் பக்கம் போகாத சிக்னலோடு, கலந்துவிடும்.

இந்த இரண்டு கெப்பாசிட்டர்களும் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன என்று பார்த்தால்தான் மற்றது புரியும். 500 பிக்கோவும் அதன் பின்னால் நிற்கும் 1 மெகாஓம் ரெசிஸ்டரும் சேர்ந்தால் வெட்டு 318 ஹெர்ட்ஸில் விழுகிறது, அதற்குக் கீழே போகப் போக ஒலி மெலியும். கிட்டாரின் ஆறாவது கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ், ஆக அது ஸ்பிரிங்கைத் தொடும் முன்பே சுமார் 12 டெசிபல் இறங்கிவிடுகிறது. இதைக் கஞ்சத்தனத்தால் செய்யவில்லை. உள்காயிலின் தடை அதிர்வெண்ணோடு ஏறும், 1000 ஹெர்ட்ஸில் 8 ஓம் என்றால் 100 ஹெர்ட்ஸில் கம்பியின் சொந்தத் தடையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். அதனால் பேஸ்தான் கரண்டை அதிகம் இழுக்கும். காயிலின் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோகும், டிரான்ஸ்ஃபார்மர் திணறும், வால்வு கிளிப் ஆகும் (அலையின் உச்சி வெட்டுப்படும்), அந்தக் கிளிப் ஆன அழுக்கு முழுவதும் ஸ்பிரிங்கில் ஏறி இரண்டு மூன்று வினாடி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கூழ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கிற ஒரு மாமா எங்கள் பக்கத்தில் இருக்கிறார். இந்த விஷயத்தைக் கேட்டால் அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: "வேண்டாதவனை வாசல்லயே நிறுத்துடா, உள்ள விட்டுட்டு அப்புறம் விரட்டாத." கணக்குப்படி பார்த்தால் பேஸை ஸ்பிரிங்குக்கு முன்னால் வெட்டினாலும் பின்னால் வெட்டினாலும் ஒன்றுதான், காகிதத்தில் ஒரே வளைவு வரும். ஆனால் ஓட்டும் வால்வும் காயிலின் இரும்பும் நேர்கோட்டில் நடப்பவை இல்லை, அதிகமாகக் கொடுத்தால் ஒலி உடையும். நடுவில் டேங்கின் வெளிக்காயில் வேறு உறுமலையும் இரைச்சலையும் பிடித்துச் சேர்க்கும். ஆக முன்னால் வெட்டினால் உடைவதைத் தடுக்கலாம், உறுமலை ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் வெட்டினால் உறுமலைத் தடுக்கலாம், ஏற்கெனவே உடைந்ததை ஒட்டவைக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் நான்கு இடங்களில் எது என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும்.

முதல் இடம், வாசல் கெப்பாசிட்டர், அந்த 500 பிக்கோ. எனக்கு மிகப் பிடித்தது இதுதான், காரணம் இங்கே செய்யும் சின்ன மாற்றம் தொனியை மட்டுமில்லாமல் விரலுக்குக் கிடைக்கும் உணர்வையே மாற்றுகிறது. 250 பிக்கோ போட்டால் வெட்டு 640 ஹெர்ட்ஸ் அருகே ஏறும், ஆறாவது கம்பி 18 டெசிபல் இறங்கும். கோர்ட் அடிக்கும்போது கீழே குவியும் மூட்டம் விலகி, மேல்கம்பிகளின் ரிவர்ப் மட்டும் தனியாக மிதக்கும், குமிழையும் இன்னும் தாராளமாகத் திருப்பலாம். நம் ஊர் மண்டபங்களில், சிமென்ட் தரை, செங்கல் சுவர், மேலே தகரக் கூரை என்று கூடமே சொந்தமாக எதிரொலித்துக்கொண்டிருக்கும் இடத்தில், தபலாவும் டோலக்கும் பேஸ் கிட்டாரும் கீழ்ப்பகுதியை ஏற்கெனவே நிரப்பிவிட்ட பிறகு, கிட்டாரின் ரிவர்பும் அங்கேயே போய் உட்கார வேண்டிய அவசியமே இல்லை. 120 பிக்கோ வரை இறங்குகிறவர்களும் உண்டு. வெட்டு 1300 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், கண்ணாடி போன்ற ஒல்லியான ரிவர்ப். அந்த அளவில் இன்னொரு தொல்லையும் சேரும்: இரண்டு பாதிகளும் சேர்ந்த 12ஏடி7-க்குள்ளேயே கிட்டத்தட்ட அதே அளவு கெப்பாசிட்டன்ஸ் ஒளிந்திருக்கிறது, அது சிக்னலில் நல்ல பங்கைத் தின்றுவிடும், மொத்த ரிவர்பும் குறையும். எனக்கு 220-க்குக் கீழே போவதில் ருசியில்லை.

எதிர்த்திசையில் போனால்? 1 நானோ போட்டால் வெட்டு 159 ஹெர்ட்ஸ், ஆறாவது கம்பி 7 டெசிபல்தான் இறங்கும். மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரே கம்பியைத் தொட்டு வாசிக்கிறவர்களுக்கு இது நிஜமாகவே அழகு, ரிவர்ப் கனத்து, அறை பெரிதானதுபோல் கேட்கும். ஆனால் ஓவர்டிரைவ் போட்டுக் கோர்ட் அடித்தால் அவ்வளவுதான். காம்போ ஆம்ப் என்றால் இன்னொரு ஆபத்து: ஸ்பீக்கரும் டேங்கும் ஒரே பெட்டிக்குள், பேஸ் ஸ்பீக்கரில் வந்து டேங்கை உலுக்கி, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், ஊளையிடத் தொடங்கும். 2.2 நானோ எல்லாம் தனிப்பெட்டியில் டேங்க் வைத்திருப்பவர்கள் விளையாட்டுக்குப் பார்க்கலாம்.

டர்பன் கடற்கரை அலைச்சறுக்கு ஊர் என்பதால் இங்கே சர்ஃப் கிட்டார் வாசிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்கள் தேடுவது அந்தத் தண்ணீர் சொட்டும் சத்தம். ஸ்பிரிங்குக்குள் தாழ்ந்த அதிர்வுகள் முன்னால் போகும், உயர்ந்தவை தாமதமாகும், அதனால் ஒரே அடி நீண்டு வளைந்து "டுவீங்" என்று வெளியே வரும், சொட்டு அதிலிருந்து பிறக்கிறது. அதற்கு ஸ்பிரிங்கைப் பலமாக அடிக்க வேண்டும். ஃபெண்டர் 1961-ல் விட்ட தனி ரிவர்ப் பெட்டியில் 12ஏடி7-க்குப் பதிலாக 6கே6 என்ற பவர் வால்வே டேங்கை ஓட்டியது, அதில் எவ்வளவு பலமாக ஓட்டுவது என்பதற்கே தனிக் குமிழ் உண்டு. அந்தத் தொனிதான் வேண்டும் என்றால் வாசல் கெப்பாசிட்டரைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் 330 பிக்கோ அளவில் நிறுத்துங்கள், பேஸ் குறைவதால் சொட்டு இன்னும் தெளிவாகும்.

வேலை தொடங்கும் முன் ஒரு விஷயம், இதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், அது ஆளைக் கொல்லப் போதும். 5 வாட், சில கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த கிளிப்பில் மாட்டி வடித்து, மீட்டரில் சுழி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் விரல் உள்ளே போக வேண்டும். பழக்கமில்லை என்றால் பழக்கமுள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வால்வு பக்கம் போடும் எந்தக் கெப்பாசிட்டரும் 600 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். ஸ்விட்ச் போட்டதும், வால்வு சூடாகும் முன்னால், மின்னழுத்தம் வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கும், கொஞ்ச நேரம்தான், ஆனால் 250 வோல்ட் சரக்குக்கு அதுவே அதிகம்.

வகையைப் பற்றி நிறைய மதச் சண்டை உண்டு, எனக்கு அதில் ஆர்வமில்லை. பிக்கோ அளவுக்கு சில்வர் மைக்கா அல்லது சி0ஜி வகை செராமிக், நானோ அளவுக்கு ஃபிலிம், அவ்வளவுதான். மலிவான செராமிக்கில் சில வகைகள் வோல்ட் ஏறினால் மதிப்பு குறையும், தட்டினால் சத்தம் போடும், அதிலும் ஸ்பீக்கர் அதிரும் பெட்டிக்குள் வைக்க அது ஏற்றதில்லை. 500 கிடைக்காவிட்டால் 470 வாங்குங்கள், மேலே 471 என்று போட்டிருக்கும். 3 நானோவுக்குப் பதில் 3.3, அதாவது 332. காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு குவாட்டர் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றியது) சாப்பிடும் காசுக்கு நாலைந்து மதிப்புகளை வாங்கிவிடலாம், செலவு கெப்பாசிட்டரில் இல்லை.

இரண்டாவது இடம் டேங்கின் வெளிக்காயில். ஆம்பைத் திறக்கவே தேவையில்லாத ஒரே இடம் இது, அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இங்கே தொடங்குவதுதான் நல்லது. ஒரு ஆர்சிஏ பிளக்கின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே கெப்பாசிட்டரை வைத்து ஈயம் போட்டால் முடிந்தது. இங்கே வோல்ட்டும் சொற்பம், 50 வோல்ட் சரக்கே போதும். ரிவர்ப் குமிழை மட்டும் சுழியில் வைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் அலறும்.

ஆனால் இது வெறும் ட்ரெபிள் வெட்டு என்று நினைத்துப் போட்டால் கேட்பது வேறாக இருக்கும். 2250 ஓம் காயில் என்பது ஏறக்குறைய 0.36 ஹென்றி, அதன் குறுக்கே கெப்பாசிட்டர் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓர் இடத்தில் ஒத்திசையும்: அங்கே ஒரு சின்ன மேடு எழும்பி, அதற்கு மேலே சரசரவென்று இறங்கும். 2.2 நானோவுக்கு அந்த மேடு 5700 ஹெர்ட்ஸ் பக்கம், 4.7 நானோவுக்கு 3900, 10 நானோவுக்கு 2700. இந்த வகை நீள டேங்கில் 4000, 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஸ்பிரிங் கொடுப்பதே குறைவு, அதனால் 2.2 நானோ அந்தக் கடைசி இரைச்சலைத் துடைத்துவிட்டுக் கொஞ்சம் பளபளப்பைச் சேர்ப்பதோடு சரி. தகரச் சத்தத்தால் அவதிப்படும் சர்ச் பையனுக்கு நான் சொல்வது 4.7. 10 நானோ போட்டால் இருண்டு, பழைய வானொலி மாதிரி இருக்கும், சிலருக்கு அதுவும் பிடிக்கும். சர்ஃப் ஆட்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது, சொட்டின் உயிர் இருப்பதே இந்தப் பகுதியில்தான். டேங்க் மாடல் எண்ணையும் முதலில் பார்த்துவிடுங்கள். 4ஏபி3சி1பி என்றால் மூன்றாவதாக வரும் பி, 2250 ஓம் வெளிக்காயிலைச் சொல்கிறது. அந்த இடத்தில் சி இருந்தால் 10,000 ஓம் காயில், மேடு இரண்டு மடங்குக்கும் மேல் கீழே இறங்கிவிடும், மேலே சொன்ன எண்கள் செல்லாது. டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வித்தை அப்படியே வேலை செய்யும், அவர்களுடைய உள்காயில் வேறாக இருந்தாலும் வெளிக்காயில் பெரும்பாலும் இந்த 2250-தான்.

மூன்றாவது, ரிவர்ப் குமிழுக்கு முன்னால் நிற்கும் 3 நானோ. குமிழின் 100 கிலோஓமும் வால்வின் பக்கத் தடையும் சேர்ந்து இதன் வெட்டு 400 ஹெர்ட்ஸ் அருகே. இதைப் பெரிதாக்கினால் ரிவர்ப் கொழுக்கும் என்று 10 நானோ, 22 நானோ போடச் சொல்லுவார்கள். கொழுக்கும்தான், கூடவே உறுமலும் கொழுக்கும். தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலத்தை வெளிக்காயில் பிடித்துக்கொள்ளும். 3 நானோ இருக்கும்போது அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல் 18 டெசிபல் வெட்டப்படுகிறது, 10 நானோ போட்டால் வெட்டு 8, 9 டெசிபலாகச் சுருங்கும், அதாவது உறுமல் மூன்று மடங்கு. 10 நானோ போட்டு மகிழ்ந்தவர் எழுதுவதைப் படித்து நாம் இங்கே அப்படியே செய்ய வேண்டியதில்லை.

உறுமலைக் குறைக்க இதையே 1 நானோவாக்கலாமா? ஆகலாம், வெட்டு 1200 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறும், 50 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் நன்றாக அடங்கும். ரிவர்பும் ஒல்லியாகும் என்பதால் நான் 2.2 அளவில் நின்றுவிடுவேன். அதற்கும் முன்னால் காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது: டேங்கைத் திருப்பி வையுங்கள். வெளிக்காயில் இருக்கும் முனை பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், ரிப்பேருக்குப் போய் வந்த ஆம்ப்களில் இது தலைகீழாகக் கிடப்பது சகஜம். டர்பன் கடற்காற்று ஆர்சிஏ பிளக்குகளை என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும், பச்சை பூத்த வெளிவளையம் ஒன்று போதும், எந்தக் கெப்பாசிட்டரும் சரிசெய்ய முடியாத உறுமலைக் கொண்டுவந்துவிடும். துடைத்து, திருகி, இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு ஈயத்தை எடுங்கள். மின்வெட்டு நேரத்தில் மலிவு இன்வர்ட்டரில் ஆம்பை ஓட்டிவிட்டு ரிவர்ப் "ஜ்ஜ்ஜ்" என்கிறது என்பவர்களுக்கு மட்டும் என்னிடம் பதில் கிடையாது. அந்த இன்வர்ட்டர் கொடுப்பது சைன் அலையே இல்லை, அதன் முட்கள் எல்லாம் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில் இருப்பதால் இந்த வடிகட்டிகளைத் தாண்டி நேராக வந்துவிடும்.

நான்காவது இடம் கேத்தோடு (வால்வுக்குள் எலக்ட்ரான் கிளம்பும் முனை) கெப்பாசிட்டர்கள், இதில் ஒரு பொறி இருக்கிறது. டேங்கிலிருந்து வருவதைத் தூக்கும் 12ஏஎக்ஸ்7 பாதியின் கேத்தோடில் 820 ஓம் ரெசிஸ்டர், 25 மைக்ரோ கெப்பாசிட்டர். இதை 1 மைக்ரோவாக்கினால் ரிவர்பின் பேஸ் குறையும் என்று பலர் சொல்வது கணக்குப்படி சரி, 400 ஹெர்ட்ஸ் வாக்கில் மெலியத் தொடங்கும். ஆனால் ட்வின், டீலக்ஸ் போன்றவற்றில் அந்த 820 ஓமை அதே வால்வின் மறுபாதியும் பங்கு போட்டுக்கொள்கிறது, அந்த மறுபாதி வழியாகத்தான் உங்கள் நேர்ச் சிக்னல் முழுவதும் போகிறது. ரிவர்பைச் சரிசெய்யப் போய் ஆம்பின் மொத்த பேஸையும் கழற்றிவிடுவீர்கள். கேத்தோடு முழுதாக பைபாஸ் ஆகாததால் இரண்டு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று கசியவும் தொடங்கும். தனித்தனி கேத்தோடு ரெசிஸ்டர் போட்டுப் பிரிக்கலாம், அதற்கு இடமும் பொறுமையும் வேண்டும். நான் இதை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

ஓட்டும் 12ஏடி7-ன் கேத்தோடு வேறு கதை. 2.2 கிலோஓம், 25 மைக்ரோ, அது யாரோடும் பங்கு இல்லை. அங்கே 1 மைக்ரோ போட்டால் பேஸில் மட்டும் ஓட்டம் தணியும், வால்வு கொஞ்சம் நிதானமாக நடக்கும், டேங்குக்குப் போவது சுத்தமாகும். வாசல் கெப்பாசிட்டரை 250 ஆக்குவதோடு ஒப்பிட்டால் இது மென்மையான மாற்றம், முழுவதும் வெட்டாமல் ஒரு படி இறக்கி அங்கேயே நிறுத்தும். வாசலில் 500-ஐ அப்படியே விட்டுவிட்டு இதைச் செய்வது, சத்தமாக வாசிக்கும்போது மட்டும் கூழாகிறது என்பவர்களுக்கு ஒத்துவரும். மெதுவாக வாசித்தாலும் கூழ் என்றால் வாசலுக்கே போங்கள்.

இதற்கிடையில் 3.3 மெகாஓம் ரெசிஸ்டரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் 10 பிக்கோவையும் சிலர் கைகாட்டுவார்கள். அது நேர்ச் சிக்னலின் பாதை. அதை மாற்றினால் 4800 ஹெர்ட்ஸுக்கு மேல் ஆம்பின் பளிச்சென்ற தன்மைதான் கூடும் குறையும், ரிவர்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விட்டுவிடுங்கள்.

கெப்பாசிட்டரே வேண்டாம் என்றால் இரண்டு வழிகள். 12ஏடி7-ஐப் பிடுங்கிவிட்டு 12ஏயு7 செருகினால் ரிவர்பின் மொத்த பலமும் குறையும், குமிழ் 2-லிருந்து 3-க்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்பவர்களுக்கு இது ஈயமே தேவையில்லாத தீர்வு. தொனி மாறாது, அளவு மாறும். இன்னொன்று டேங்கையே மாற்றுவது: மாடல் எண்ணில் 3 இருக்கும் இடத்தில் 1 இருந்தால் வால் குட்டை, 2 இருந்தால் நடுத்தரம். எதிரொலிக்கும் மண்டபத்துக்கு நடுத்தர வால் பொருத்தம். ஆனால் டேங்கை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கம் கட்டி, காத்திருக்கும் செலவோடு ஒப்பிட்டால் முதலில் கெப்பாசிட்டரை முயன்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

என் தீர்ப்பு கேட்டால்: மண்டபத்தில் வாசிக்கிறவர் வாசலில் 250, மற்றதெல்லாம் அப்படியே. தகரச் சத்தம் என்கிறவர் டேங்கின் வெளிமுனையில் 4.7 நானோ, ஆம்பைத் திறக்கவே வேண்டாம். உறுமல் என்கிறவர் டேங்கைத் திருப்பி, பிளக்கைத் துடைத்து, அதற்குப் பிறகும் போகவில்லை என்றால் மட்டும் 3 நானோவை 2.2 ஆக்கலாம். சர்ஃப் ஆட்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். இரண்டு இடத்தில் ஒரே நாளில் கை வைக்காதீர்கள், எது எதைச் செய்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

எதையும் முடிவுசெய்ய முடியாதவர்களுக்கு ஒரு ரோட்டரி ஸ்விட்ச் போட்டு வாசலில் நாலு மதிப்புகளை மாற்றி மாற்றிக் கேட்கும் வழியும் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் ஸ்விட்சின் திறந்த முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் திருப்பும்போதெல்லாம் "டொப்" என்று அடிக்கும், அந்த டொப்பை ஸ்பிரிங் மூன்று வினாடிக்கு இழுக்கும். ஸ்விட்சுக்குப் போகும் வயர் குட்டையாக, ஷீல்டு போட்டதாக, டிரான்ஸ்ஃபார்மரைவிட்டு எட்டி இருக்கட்டும். வேலை முடிந்ததும் 12ஏடி7-ன் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனையில்) இருக்கும் 1 மெகாஓம் ரெசிஸ்டரின் குறுக்கே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். சுழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சில வோல்ட் பிளஸ் காட்டினால் எங்கோ ஒரு கெப்பாசிட்டர் ஒழுகுகிறது, அதைக் கண்டுபிடிக்கும் வரை ஆம்பை ஓட்டாதீர்கள், ஓட்டினால் அந்த வால்வு சீக்கிரம் போய்விடும்.